அக்ரிலிக் விளிம்பில் மயிரிழை விரிசல் ஏன்?

லேசரில் வெட்டிய அக்ரிலிக் துண்டுகளைக் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டினால், மறுநாள் விளிம்பெல்லாம் மயிரிழை விரிசல். ஷீட் போலியா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். போலி இல்லை. அநேகமாக அது எக்ஸ்ட்ரூடட் ஷீட்.

கடையில் கிடைப்பது இரண்டு வகை. வேதிப்பொருள் ஒன்றுதான், பாலிமெத்தில் மெதாக்ரிலேட். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவ மோனோமரை, அதாவது இன்னும் சங்கிலியாகக் கோக்காத சிறு மூலக்கூறுகளை, ஊற்றி அங்கேயே இறுக விட்டால் காஸ்ட். ஏற்கெனவே சங்கிலியான பாலிமர் மணிகளை உருக்கி அச்சுவாய் வழியே தள்ளினால் எக்ஸ்ட்ரூடட். உருகி ஓட வேண்டுமென்பதால் இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டை. காஸ்ட்டில் அவை பல மடங்கு நீளம், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

லேசர் பட்ட விளிம்பு உருகி உடனே ஆறுகிறது. ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சூடேறாத உட்பகுதி விடாது. ஆகவே விளிம்பு இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடும். அதன்மேல் குளோரோஃபார்மோ, ஸ்பிரிட்டோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால், அந்தச் சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து பிடிப்பைத் தளர்த்தும். தேங்கியிருந்த இழுவிசை சங்கிலிகளை உருவத் தொடங்கும். குட்டைச் சங்கிலி சுலபமாக உருவிக்கொண்டு வரும், நீளப் பின்னல் வராது. இதில் அழகு என்னவென்றால், முதலில் தெரியும் கோடு முழு விரிசலே அல்ல. நுண்ணிய வெற்றிடங்களுக்கு நடுவே பாலிமர் இழைகள் இருபுறத்தையும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன! அவை அறுந்தால்தான் உடைப்பு.

தடுக்க வழி உண்டு. வெட்டியபின், ஒட்டுவதற்கு முன், மேல் காகிதத்தை உரித்துவிட்டு 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் ‘அவன்’ (oven) அடுப்பில் வையுங்கள், 5 மி.மீ. காஸ்ட் ஷீட்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம். எக்ஸ்ட்ரூடடுக்குச் சூடு சற்றுக் குறைவாக இருக்கட்டும். 60 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது, திடீர்க் குளிர் பழைய இழுவிசையைத் திரும்பக் கொண்டுவரும். லேசர் இயந்திரம் வாங்கும் கல்லூரிகள் கூடவே ஓர் ‘அவன்’ அடுப்பும் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீன் தொட்டிக்கும், லேசரில் எழுத்து பொறிக்கவும் காஸ்ட்தான். பொறித்த இடம் பனிவெள்ளையாகத் தெரியும், எக்ஸ்ட்ரூடடில் மங்கலாகவே நிற்கும். காடி (பள்ளம்) வெட்டிச் செருகும் வேலைக்கு எக்ஸ்ட்ரூடட் நல்லது. தடிமன் சீராக இருக்கும், 3 மி.மீ. காஸ்ட் ஷீட் ஓரிடத்தில் 2.7, இன்னோரிடத்தில் 3.3 கூட இருக்கலாம். வெர்னியர் அளவுகோலால் நான்கு மூலையும் அளந்து பாருங்கள். எந்த வகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

எந்த வகையானாலும் திருகுத் துளையைத் தாராளமாகப் போடுங்கள். 1 மீட்டர் ஷீட் 20 டிகிரி சூடேறினால் சுமார் 1.4 மி.மீ. நீளும், இறுக்கிய துளையில்தான் அடுத்த விரிசல் தொடங்கும்.