முழுமைத் தற்காப்பா, மொத்தப் பாதுகாப்பா?

போன வாரம் அக்கா பையன் ஸ்கூல் புராஜெக்ட்டுக்குச் செஞ்ச சிலைடைக் கொண்டுவந்து காட்டினான். முதல் சிலைடுல பெரிய எழுத்துல "மொத்த பாதுகாப்பு தினம், பிப்ரவரி 15"னு இருந்துச்சு. எங்கடா எடுத்தேன்னு கேட்டா, ஃபோன்ல சிங்கப்பூரோட "டோட்டல் டிஃபென்ஸ் டே"ன்ற இங்கிலீஷைப் போட்டேன், அது இப்படித்தான் கொடுத்துச்சு மாமான்றான். பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. இதே சொல்லை ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நோட்டீஸ்ல பாத்தேன், அப்புறம் ஒரு வீடியோவுக்குக் கீழ ஓடுற எழுத்துல பாத்தேன், இப்ப வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

சிங்கப்பூர்ல "டோட்டல் டிஃபென்ஸ்"க்கு நல்ல தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கு: முழுமைத் தற்காப்பு. நாட்டைக் காக்கறதுல ராணுவத்தோட ஜனங்க எல்லாருக்கும் பங்கு இருக்குன்ற இந்தக் கொள்கை 1984ல வந்தது, சுவிட்சர்லாந்து, சுவீடன் மாதிரி சின்ன நாடுங்க செஞ்சதைப் பாத்து எடுத்துக்கிட்டாங்க. அப்ப அஞ்சு தூண்: ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், உளவியல். 2019ல மின்னிலக்கம், அதாவது டிஜிட்டல், ஆறாவதா சேந்துச்சு. டிஃபென்ஸ் அமைச்சகத்துக்கு இங்க பேரே தற்காப்பு அமைச்சு, தீயணைப்பும் ஆம்புலன்சும் பாக்குற படைக்குப் பேரு குடிமைத் தற்காப்புப் படை.

தன் + காப்பு, புணர்ந்தா தற்காப்பு. தன்னைத் தானே காத்துக்கறது, அவ்வளவுதான். "தற்காத்துத் தற்கொண்டாற் பேணி"ன்னு குறள்லயே இருக்கு, புதுசா யாரும் உருட்டினது இல்ல.

இப்ப "பாதுகாப்பு"க்கு வருவோம். தமிழ்நாட்டுல டிஃபென்சுக்கும் இதுதான், செக்யூரிட்டிக்கும் இதுதான், சேஃப்டிக்கும் இதுதான். பாதுகாப்பு அமைச்சர்ன்னா ராணுவம், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்ன்னா வேற வேலை, நுகர்வோர் பாதுகாப்புன்னா கடையில எடை குறைச்சா புகார் கொடுக்கற விஷயம், சாலைப் பாதுகாப்புன்னா ஹெல்மெட். இத்தனையும் ஒரே சொல்லுல அடைச்சா படிக்கறவன் ஒவ்வொரு தடவையும் நின்னு இது எந்தப் பாதுகாப்புன்னு யோசிக்கணும். சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ல இந்தச் சிக்கலை அழகா அவிழ்த்து வச்சிருக்காங்க, டிஃபென்ஸ்ன்னா தற்காப்பு, மத்ததுக்குப் பாதுகாப்பு. கால்பந்து செய்தியிலகூட தற்காப்பு ஆட்டக்காரர்னுதான் வரும், பாதுகாப்பு ஆட்டக்காரர்னு யாராவது சொல்லுவாங்களா?

இதுக்கு எதிரா நான் அடிக்கடி கேக்கற வாதம், தற்காப்புன்னா கராத்தே கிளாஸ் ஞாபகம் வருது, அது தனி ஆளுக்கானது, நாட்டுக்குப் பொருந்தாதுன்றது. எனக்கு இது சுத்தமா ஏத்துக்க முடியாத வாதம். "தான்"ன்றது ஆளைக் குறிக்கும், ஊரைக் குறிக்கும், நாட்டைக் குறிக்கும். அதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு, நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: "பாதுகாப்பு கொடுத்தாங்க", "போலீஸ் பாதுகாப்பு கேட்டாங்க", "பாதுகாப்பு வாபஸ் வாங்கிட்டாங்க". எல்லாம் சரியா வருது. இப்ப "தற்காப்பு கொடுத்தாங்க"ன்னு சொல்லுங்க. வாய்ல நிக்காது. பாதுகாப்பை ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம், திருப்பி எடுத்துக்கலாம். தற்காப்பை யாரும் கொடுக்க முடியாது, நாமதான் செய்யணும்.

பிப்ரவரி 15 எதுக்கு இந்த நாளாச்சுன்னு யோசிச்சா இந்த வித்தியாசம்தான் மொத்த விஷயமும்னு புரியும். 1942ல சிங்கப்பூருக்கு இருந்தது பாதுகாப்பு, பிரிட்டன்காரன் கொடுத்த பாதுகாப்பு. செம்பவாங்ல பெரிய கடற்படைத் தளம், சாங்கி பக்கம் 15 அங்குல பீரங்கி, வீழ்த்தவே முடியாத கோட்டைன்னு பேரு. 1941 டிசம்பர் 10ல பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் மலாயாவுக்குக் கிழக்கே மூழ்குச்சு. பீரங்கியெல்லாம் கடல் பக்கமே திரும்பி நின்னுச்சு, அதான் தோத்தோம்னு ஒரு கதை ஓடுது, அது பாதிதான் உண்மை, சில பீரங்கி தரைப்பக்கம் திரும்பிச் சுடவும் செஞ்சுச்சு, ஆனா குண்டுல பெரும்பாலும் கப்பலைத் துளைக்கறதுக்குச் செஞ்சது, காலாட்படை மேல போட்டா பெருசா பிரயோஜனம் இல்ல. பிப்ரவரி 8 ராத்திரி ஜப்பான்காரன் வடமேற்குக் கரையில சரிம்புன் பக்கம் இறங்கினான், ஒரே வாரத்துல, பிப்ரவரி 15ல, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில ஜப்பான் தளபதி யமாஷித்தா முன்னாடி சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டாரு. அன்னைக்குச் சீனப் புத்தாண்டு. ஊர்க்காரங்க யாரும் சண்டை போடலைன்னு சொல்ல முடியாது, பாசிர் பாஞ்சாங்ல மலாய் ரெஜிமென்ட் அட்னான் சைடின்ற அதிகாரியோட கடைசி வரைக்கும் நின்னுச்சு, டால்ஃபோர்ஸ்ன்ற படையில சீனத் தொண்டர்கள் நின்னாங்க. ஆனா ஊரைக் காக்கற பொறுப்பும் முடிவும் ஊர்க்காரங்க கையில இல்ல. அப்புறம் ஜப்பான்காரன் ஆட்சியில மூணரை வருஷம் மரவள்ளிக்கிழங்கு தின்னு உயிர் பிழைச்ச கதை இங்க ஒவ்வொரு பழைய குடும்பத்துலயும் இருக்கு.

திரும்பவும் 1968 ஜனவரியில, 1971க்குள்ள படையெல்லாம் கிளம்பிடும்னு பிரிட்டன் அறிவிச்சுது. கொடுத்த பாதுகாப்பை எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷமே, 1967ல, தேசிய சேவைச் சட்டத்தைத் திருத்திப் பையன்களைக் கட்டாயமா படைக்குக் கூப்பிட ஆரம்பிச்சாச்சு. இந்த வரலாறு முழுக்க "தற்"ன்ற ரெண்டு எழுத்துக்குள்ள இருக்கு. அதை எடுத்துட்டு "பாது"ன்னு போடறவங்க, எந்தத் தப்புலருந்து பாடம் படிச்சோமோ அந்தத் தப்பையே சொல்லா எழுதறாங்க.

தனித்தமிழ் ஆர்வம் உள்ள ஒரு அண்ணன் இன்னொரு சொல் சொன்னாரு: "முழு அரண்". அரண் ரொம்ப நல்ல சொல், எனக்கு ஆசைதான். ஆனா அரண்ன்றது பொருள், கோட்டை, மதில், அகழி. சிங்கப்பூர்கிட்ட 1942ல அரண் இருந்துச்சே. "கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த்தாகி அகத்தார் நிலைக்கெளிதாம்"னு வள்ளுவர் அரணுக்கு இலக்கணம் வைக்கறாரு, பிடிக்கக் கஷ்டமா இருக்கணும், உள்ள சோறு இருக்கணும், உள்ள இருக்கறவங்க நிலைச்சு நிக்க வசதியா இருக்கணும். அந்த இலக்கணத்துல 1942 சிங்கப்பூர் தேறல: ஜொகூர்லருந்து வர்ற தண்ணிக் குழாய், தீவை ஜொகூரோட இணைச்ச பாலத்தைத் தகர்த்தப்ப அதோட போச்சு, தீவுக்குள்ள இருந்த நீர்த்தேக்கமும் எதிரி கைக்குப் போச்சு, உடைஞ்ச குழாய் வழியா மிச்சத் தண்ணியும் ஒழுகுச்சு. சரணடைஞ்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். உள்ள இருக்கறவங்க செய்யற காரியத்துக்குத்தான் நமக்குச் சொல் வேணும், அண்ணனுக்கும் அதையேதான் சொன்னேன்.

"மொத்த"ன்னு வர்றதும் சரியில்ல. மொத்தம்னா கூட்டுத்தொகை, மொத்த வியாபாரம். இங்க டோட்டல்ன்றது டோட்டல் வார்ன்ற பேச்சோட சேந்து வந்தது, ஜெர்மன் தளபதி லூடன்டோர்ஃப் 1935ல முழுப்போர்னு புத்தகமே எழுதினாரு, சண்டை போர்முனையில மட்டும் இல்ல, ஃபேக்டரியில, அரிசிக் கடையில, ஜனங்க மனசுல எல்லாம் நடக்கும்னு. அப்ப காக்கறதும் ஒரு அங்கமும் குறையாம இருக்கணும். அதுக்கு முழுமைதான் சொல். "முழுப் பாதுகாப்பு"ன்னா இன்சூரன்ஸ் விக்கறவங்க சொல்ற வாக்குறுதி மாதிரி கேக்குது, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. கொள்கை சொல்றது அதுக்கு நேர்மாறு, ஏதாவது ஆகும், ரெடியா இருங்கன்னுதான்.

பையனோட சிலைடுல உள்ள போனா இன்னும் மோசம். உளவியல் தற்காப்பு "மனநலப் பாதுகாப்பு" ஆயிருக்கு, அது கவுன்சலிங் சென்டர் போர்டு. மின்னிலக்கத் தற்காப்பு "டிஜிட்டல் பாதுகாப்பு" ஆயிருக்கு. பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் இணையப் பாதுகாப்பு, அதுக்கு ஆள் இருக்காங்க. மின்னிலக்கத் தற்காப்புன்னா நம்ம குடும்ப குரூப்புல வர்ற பொய்ச் செய்தியை நாம தள்ளிவிடாம நிறுத்தறது, மோசடி ஃபோனை நாம கட் பண்றது. மொழிபெயர்க்கறவங்க இந்த ஆறு வார்த்தையையும் ஒரு தடவை சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழ் தமிழ் முரசோட பழைய செய்தியோட ஒப்பிட்டுப் பாத்திருந்தா போதும், அஞ்சு நிமிஷ வேலை. நாப்பது வருஷமா புழக்கத்துல இருக்கற சொல்லை மெஷின் தெரியாம அழிக்குது, சரிபாக்கற ஆளுங்க பாக்காம அனுப்பறாங்க, அது எனக்கு நிஜமாவே வேதனையா இருக்கு.

பையன்கிட்ட இதையெல்லாம் இவ்வளவு நீளமா சொல்லல. "தற்காப்பு கொடு"ன்னு சொல்லிப் பாருடான்னு மட்டும் சொன்னேன். ரெண்டு தடவை முணுமுணுத்துப் பாத்துட்டு, "வர மாட்டேங்குது மாமா"ன்னு லேப்டாப்பை இழுத்துத் தலைப்பை அழிச்சான். "த"வுக்கு அடுத்து "ற்"தானே, "ர்" இல்லையேன்னு கேட்டுக்கிட்டே டைப் பண்ணினான்.