தண்டவாளத்தில் கிடந்த மூளை

1968 செப்டம்பர் 1 அன்று, லண்டனின் வடகிழக்கே வால்தம்ஸ்டோ சென்ட்ரலுக்கும் ஹைபரிக்கும் இடையே புதிய சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அதில் ஓட்டுநர் இருந்தார். ஆனால் அவர் ரயிலை ஓட்டவில்லை. கதவுகளை மூடுவார், இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவார், அவ்வளவுதான். வேகம் பிடிப்பது, தேவையான இடத்தில் தணிவது, அடுத்த நிலையத்தில் நடைமேடையோடு பொருந்தி நிற்பது எல்லாம் தானாக நடந்தன. பொத்தான் ஏன் இரண்டு என்றால், கை தவறிப் பட்டு ரயில் கிளம்பிவிடக் கூடாது. நுண்செயலிச் சில்லு சந்தைக்கு வர அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அப்படியானால் ரயிலை ஓட்டியது எது?

அதற்கு முன் இந்த விக்டோரியா பாதை பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டன் நடுப்பகுதிக்கு அடியில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புதிய பாதை எதுவும் வெட்டப்படவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் திட்டம் தயாரானது, பணம்தான் வரவில்லை. டிக்கெட் வருமானத்தை மட்டும் கணக்கிட்டால் நஷ்டம் நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1962இல்தான் ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டு கிறிஸ்டோபர் ஃபாஸ்டர், மைக்கேல் பீஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். ரயிலில் ஏறுபவருக்கு மிச்சமாகும் நேரத்துக்கு ஒரு விலை. ரயிலில் ஏறாமலே, நெரிசல் குறைந்த சாலையில் காரிலும் பஸ்ஸிலும் போகிறவருக்கு மிச்சமாகும் நேரத்துக்கும் ஒரு விலை. இப்படிக் கூட்டிப் பார்த்தால் பாதை ஊருக்கு லாபம். இன்று எந்த நகரத்து மெட்ரோ திட்ட அறிக்கையைப் புரட்டினாலும் இந்தக் கணக்கின் வாரிசு அதில் இருக்கும். அந்தக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்.

கட்டுமானத்தில் எனக்குப் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் நிலையம். நகரத்தின் நெரிசலான நாற்சந்திக்கு நேர் கீழே பெரிய டிக்கெட் கூடம் தோண்ட வேண்டும். போக்குவரத்தை நிறுத்தவும் முடியாது. 1963 ஆகஸ்டில் ஒரு விடுமுறை வார இறுதியில், சந்தி முழுவதையும் மூடும்படி ஓர் எஃகுப் பாலத்தை அமைத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பஸ்கள் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கீழே தோண்டும் வேலை நடந்தது.

இனி ரயிலை ஓட்டியது எது என்ற கேள்விக்கு வருவோம். லண்டன் சுரங்கத் தடத்தில் நான்கு தண்டவாளங்கள் கிடக்கும். இரண்டில் சக்கரம் ஓடுகிறது. ஓரத்தில் இருக்கும் மூன்றாவது, மின்சாரம் கொண்டுவருகிறது. நடுவில் கிடக்கும் நான்காவது அதைத் திருப்பி எடுத்துச் செல்கிறது. வேறு பல நகரங்களில் திரும்பும் மின்சாரம் சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகவே போய்விடுகிறது. லண்டனில் அப்படி விட்டால் அது கசிந்து, சுரங்கத்தின் வார்ப்பிரும்பு வளையங்களையும் அக்கம்பக்கத்துக் குழாய்களையும் அரித்துவிடும் என்று அஞ்சித் தனித் தண்டவாளம் போட்டார்கள். இதனால் ஓடு தண்டவாளங்களில் மோட்டார்களின் பெரும் மின்னோட்டம் கலப்பதில்லை. செய்தி அனுப்பத் தோதாக இருந்தது.

செய்தி மிக எளியது. தடம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டிலும், ரயில் வெளியேறப்போகும் முனையிலிருந்து மின்துடிப்புகள் செலுத்தப்படும். ரயிலின் முன் சக்கரங்களுக்கு முன்னே தொங்கும் கம்பிச்சுருள்கள் அவற்றை உணரும். நிமிடத்துக்கு 420 துடிப்பு வந்தால் முழு வேகத்தில் போகலாம். 270 வந்தால் மணிக்கு 25 மைலைத் தாண்டக் கூடாது. 180 வந்தால் அதே வரம்பு, மோட்டாரையும் இயக்கக் கூடாது. துடிப்பே இல்லையென்றால் உடனே அவசர பிரேக்.

கடைசி விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன்னே ஒரு ரயில் நின்றால் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்து மின்சுற்றைக் குறுக்கிவிடும். துடிப்பு அதைத் தாண்டிப் பின்னே வராது. பின்னால் வரும் ரயில் அந்தத் துண்டில் நுழைந்த கணமே செய்தியற்றுப் போய் நின்றுவிடும். தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும் விளைவு ஒன்றுதான்: மௌனம், அதனால் நிறுத்தம். ஆபத்து என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பத்திரம் என்று சொல்ல ஆள் இல்லாததே போதும்.

பத்திரமாகப் போவதற்கு இது போதும். நடைமேடையில் சரியாக நிற்பதற்குப் போதாது. அதற்குத் தடத்தில் ஆங்காங்கே சில அடி நீளத்துக்குக் கட்டளைப் புள்ளிகள் வைத்தார்கள். அங்கே தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தின் அதிர்வெண்ணே வேகத்தைச் சொல்லும்: மணிக்கு ஒரு மைலுக்கு 100 ஹெர்ட்ஸ். நிலையத்தை நெருங்கும்போது ஒரு புள்ளியில் 3,000 ஹெர்ட்ஸ் கேட்டால், இந்த இடத்தில் உன் வேகம் 30 மைலாக இருக்க வேண்டும் என்று பொருள். ரயில் தன் உண்மையான வேகத்தை அதோடு ஒப்பிட்டு, கூடுதலாக இருந்தால் பிரேக்கை இறுக்கும், குறைந்திருந்தால் தளர்த்தும். அடுத்த புள்ளியில் இன்னும் குறைந்த எண், அதற்கடுத்ததில் அதைவிடக் குறைவு, கடைசியில் நிற்கும். ரயிலுக்கு ஊரும் தெரியாது, பாதையும் தெரியாது. காலடியில் கேட்பதற்குக் கீழ்ப்படியத் தெரியும். எந்த ரயிலை எந்தத் தடத்தில் விடுவது என்ற முடிவையும் இயந்திரமே எடுத்தது. அன்றைய கால அட்டவணை ஒரு பிளாஸ்டிக் சுருளில் துளைகளாகக் குத்தப்பட்டிருக்க, அதைப் படித்தே பாதைகள் திறந்தன.

பிரேக்கின் வேலையில் ஒரு பங்கை நிலமே செய்கிறது. நிலையங்கள் பலவற்றைச் சுரங்க மட்டத்தைவிடச் சற்று உயர்த்தி, மேடு போல அமைத்திருக்கிறார்கள். சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது மிதிப்பதை நிறுத்தினால் வேகம் தானே குறைவதும், மறுபக்கம் இறங்கும்போது மிதிக்காமலே கூடுவதும் நாம் அறிந்ததுதான். மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் ரயிலின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால் சுமார் 5 மீட்டர் ஏற முடியும். ரயில் எத்தனை டன் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஆகவே சில மீட்டர் மேடுகூட அற்ப விஷயம் அல்ல. பிரேக்கில் வெப்பமாக வீணாகியிருக்கும் ஆற்றலின் ஒரு பகுதி உயரமாகச் சேமிக்கப்பட்டு, புறப்படும்போது திரும்பக் கிடைக்கிறது. விக்டோரியா பாதை கண்டுபிடித்த உத்தி அல்ல இது. 1900இல் திறந்த சென்ட்ரல் பாதையிலேயே உண்டு.

பாதை 1969 மார்ச்சில் விக்டோரியா நிலையத்தையும் 1971 ஜூலையில் பிரிக்ஸ்டனையும் எட்டியது. மொத்தம் 21 கிலோமீட்டர், 16 நிலையங்கள். பணிமனைக்குப் போகும் தடத்தைத் தவிர எங்கும் வானம் தெரியாது. பிம்லிகோ ஒன்றைத் தவிர எல்லா நிலையத்திலும் வேறு ரயிலுக்கு மாறலாம். யூஸ்டனில் நடைமேடையைக் குறுக்கே கடந்தால் நார்தர்ன் பாதை. அந்த வசதிக்காக இரு சுரங்கங்களும் இடம் மாறி, ரயில்கள் சிறிது தூரம் வலப்பக்கமாக ஓடுகின்றன.

பழைய ரயில்கள் 2011இல் ஓய்வு பெற்றன. புதியவற்றில் கணினி இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், எப்போது, எவ்வளவு பிரேக் போடுவது என்பதை ரயிலே கணக்கிட்டுக்கொள்ளும். மூளையில் ஒரு பங்கு தடத்திலிருந்து ரயிலுக்குள் ஏறிவிட்டது. முழுவதும் ஏறிவிடவில்லை என்பது 2014 ஜனவரியில் தெரிந்தது. விக்டோரியா நிலையத்தில் புதுப்பிப்பு வேலையின்போது, சிக்னல் கருவி அறைக்குள் விரைவில் இறுகும் கான்கிரீட் வழிந்து நிறைந்தது. பாதையின் தென்பகுதி அன்று முடங்கிப் போனது. கலவை கல்லாகிவிடாமல் தாமதப்படுத்தப் பொறியாளர்கள் அதில் சர்க்கரையைக் கொட்டினார்கள். சர்க்கரை, சிமென்ட் துகள்கள் நீரோடு வினைபுரிவதை மட்டுப்படுத்தும்; கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் சுத்தமான வேதியியல்.

2017 முதல் நெரிசல் வேளையில் மணிக்கு 36 ரயில்கள், அதாவது 100 நொடிக்கு ஒன்று. இந்த இடைவெளியில் சிக்கல் வேகத்தில் இல்லை. முனை நிலையங்களில் ரயிலைத் திருப்புவதில்தான். வந்த ஓட்டுநர் 133 மீட்டர் நடந்து மறுமுனைக்குப் போவதற்குள் அடுத்த ரயில் வாசலில் நிற்கும். அதனால் வேறொரு ஓட்டுநர் மறுமுனையில் தயாராகக் காத்திருந்து ரயிலை எடுத்துச் செல்கிறார். வந்தவர் நிதானமாக நடந்து, பின்னால் வரும் ரயிலுக்குப் பொறுப்பேற்கிறார்.

அடுத்த சிக்கல் வெப்பம். ரயில் கூடக் கூட மோட்டாரும் பிரேக்கும் உமிழும் சூடு கூடுகிறது. பல பத்தாண்டுகளாக அதை உறிஞ்சி உறிஞ்சிச் சுற்றியுள்ள களிமண்ணே சூடேறிவிட்டது. காற்றுப் போக்கிகளில் விசிறிகளைப் புதுப்பித்தார்கள். புதிய ரயில்கள் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. 2006இல் விக்டோரியா நிலையத்தில், சுரங்கத்தில் கசியும் நிலத்தடி நீரைக் குழாய்களில் சுற்றவிட்டு நடைமேடைக் காற்றைக் குளிர்விக்கவும் முயன்று பார்த்தார்கள்.