ஸ்டிக்கரில் ரைசன் 5, உள்ளே எந்த சிப்?

பட்ஜெட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா?” என்றுதான். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பிராசசரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. இன்டெல்லின் ஐ3, ஐ5, ஏஎம்டியின் ரைசன் 3, ரைசன் 5 எல்லாம் விற்பனைக்காகப் பிரித்த தட்டுகள். உள்ளே என்ன சிப் இருக்கிறது என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் சொல்கின்றன. அதைத்தான் பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஏஎம்டி 2023 லேப்டாப் வரிசைக்கு வைத்த பெயர் முறையில் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 7 என்றால் 2023. கோர், அதாவது பிராசசருக்குள் கணக்கிடும் பகுதி, எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520இல் அது 2, அதாவது 2019இல் அறிமுகமான ஜென் 2. 7530இல் அது 3, அதாவது 2020இல் வந்த ஜென் 3. முன்னதில் 4 கோர், 4 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே தரவை வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்). பின்னதில் 6 கோர், 16 எம்பி எல்3 கேஷ். இரண்டு பெட்டியிலும் ஒட்டியிருப்பது அதே ரைசன் 5 ஸ்டிக்கர்.

கேஷ் அளவு ஏன் முக்கியம் என்றால், ரேமிலிருந்து ஒரு தரவை எடுத்துவர பிராசசருக்குச் சில நூறு கிளாக் சுற்றுகள், அதாவது துடிப்புகள், ஆகும். எல்3 கேஷில் இருந்தால் அதில் ஒரு சிறு பங்கு நேரத்தில் வந்துவிடும். கேஷ் சின்னதாக இருந்தால், எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் கோர் பல நேரம் தரவுக்காகச் சும்மா காத்திருக்கும்.

இன்டெல் பக்கம் வேறு மாதிரி குழப்பம். ஐ3-1215யூவில் 6 கோர், ஐ3-என்305இல் 8 கோர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்305தான் பெரிது போலத் தோன்றும். ஆனால் 1215யூவின் ஆறு கோர்களில் இரண்டு பெரிய கோர்கள், நான்கு சிறியவை. என்305இன் எட்டுமே சிறிய கோர்கள்.

பெரிய கோர், சிறிய கோர் என்பது வெறும் வேக வித்தியாசம் இல்லை. இன்றைய பிராசசர் கட்டளைகளை வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரு கட்டளை தரவுக்காகக் காத்திருந்தால், அதைச் சாராத அடுத்த கட்டளைகளை முன்னதாகவே முடித்துவிடும். இப்படி ஒரே நேரத்தில் எத்தனை கட்டளைகளைக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் கோரின் உண்மையான பலம். 1215யூவின் பெரிய கோரில் 512 கட்டளைகளுக்கு இடம்; சிறிய கோரில் 256. காத்திருக்கும் நேரத்திலும் பெரிய கோருக்குச் செய்ய நிறைய வேலை இருக்கும், சிறிய கோருக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சரி, எட்டு சிறிய கோர் சேர்ந்தால் இரண்டு பெரிய கோரை ஈடுகட்டாதா? வீடியோவைச் சுருக்குவது மாதிரி துண்டு துண்டாகப் பிரிக்க முடிகிற வேலையில் ஈடுகட்டும். ஆனால் ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது அதன் ஸ்கிரிப்ட்டில் பெரும்பகுதி ஒரே கோரில்தான் ஓடுகிறது. பட்டனைத் தட்டியதும் திரை மாறுவதும் அப்படித்தான். நமக்கு “லேப்டாப் ஸ்லோ” என்று தோன்றுகிற தருணங்களில் பெரும்பாலானவை இந்த ஒற்றைக் கோர் தருணங்கள். அதனால் அன்றாட வேலைக்கு எட்டு சிறிய கோரைவிட இரண்டு நல்ல பெரிய கோரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 2023 இறுதியிலிருந்து புதிய வரிசைகளில் இன்டெல் ‘ஐ’ என்ற எழுத்தை விட்டுவிட்டது. ஆனால் எண்ணுக்கு முன்னால் ‘என்’ நின்றால், உதாரணமாக கோர் 3 என்355, அதில் இருப்பவை சிறிய கோர்கள் மட்டுமே.

அப்புறம் வாட். கிளாக் வேகத்தை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் விலை முழுக்க வெப்பமாக வெளியே வருகிறது. 1215யூவின் அடிப்படை மின் அளவு 15 வாட், கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டும் டர்போவில் 55 வாட் வரை போகலாம். மெல்லிய உடம்பும் ஒற்றை ஃபேனும் உள்ள லேப்டாப்பால் 55 வாட்டை வெகுநேரம் வெளியேற்ற முடியாது. கனமான வேலை ஒன்றை ஓட விட்டு டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் 4 கிகாஹெர்ட்ஸைத் தொடும், கொஞ்ச நேரத்தில் மளமளவென்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும். நின்ற அந்த எண்தான் நீங்கள் வாங்கிய வேகம். எவ்வளவு நேரம், எத்தனை வாட் என்பதை லேப்டாப் தயாரிப்பாளரும் தீர்மானிப்பதால், ஒரே சிப் இரண்டு மாடல்களில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பிராசசரோடு ரேமும் சேர்ந்தே வருகிறது. பட்ஜெட் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருக்காது; பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையில் தரவு போய்வரும் பாதைதான் சேனல். டிடிஆர்4-3200 ரேம் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரட்டைச் சேனலில் 51.2. ஐ5-1235யூ உள்ள லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் போட்டிருந்தால், அதன் கிராஃபிக்ஸுக்கு இன்டெல் வைத்த ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர்கூட வராது. சாதாரண யூஎச்டி கிராஃபிக்ஸ் என்றே காட்டும். காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு ரேம் சேர்ப்பதுதான் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மேம்பாடு. ஆனால் என்305 ஒற்றைச் சேனலை மட்டுமே ஏற்கும். 7520யூ எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். அது போர்டிலேயே பற்றவைத்து வரும். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

ஆனால் 7520யூவை ஒரே வீச்சில் ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் கிராஃபிக்ஸ் பகுதி புதியது என்பதால் ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை அதற்கென்றே உள்ள தனி மின்சுற்றிலேயே பிரித்துக் காட்டும். கோரில் வலிமையான 7530யூவின் பழைய வேகா கிராஃபிக்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஏவி1 வந்தால் கோர்களே உழைக்க வேண்டும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். பெரும்பாலும் வீடியோ பார்க்கத்தான் லேப்டாப் என்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழைய லேப்டாப்பைப் புதுப்பித்து விற்பதை வாங்குவதானால் ஒன்றைப் பாருங்கள்: விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

விளம்பரத்தில் வெறுமனே “ஐ3 பிராசசர்” என்று போட்டிருந்தால் முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தட்டினால் கோர்கள், கேஷ், வாட், ஏற்கும் ரேம் வகை எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். இன்டெல் சிப் என்றால் பெரிய கோர் எத்தனை, சிறியது எத்தனை என்ற வரியை முதலில் பாருங்கள், அடுத்து ரேம் சேனல் எண்ணிக்கை. முழு எண்ணைச் சொல்லத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.