பிரிண்ட் சேர்வருக்கு முகவரியும் பெயரும்: மலையக அலுவலகங்கள் கவனிக்க வேண்டியவை

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் பிற்பகல் இடிமின்னலோடு மின்தடையும் சேர்ந்து வருவது வழமை. மின்சாரம் திரும்பிய பிறகு, பிரிண்டரில் விளக்கு எரிகிறது, தாளும் மையும் இருக்கின்றன, ஆனால் எந்தக் கணினியிலிருந்து கொடுத்தாலும் அச்சு வரவில்லை என்று தோட்டக் காரியாலயங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் எனக்கு அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிதான் மாறியிருக்கும்.

ரவுட்டர், முகவரிகளைத் தானாகப் பகிரும் டிஎச்சிபி முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தவணைக்கு மட்டுமே முகவரி கொடுக்கிறது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைச் சிறிய ரவுட்டர்கள் பல மின்சாரம் போனதும் இழந்துவிடுவதால், நேற்று வரை பிரிண்டரிடம் இருந்த 192.168.1.12 என்ற முகவரி இன்று யாரோ ஒருவரின் கைத்தொலைபேசிக்குப் போய்விடலாம். ரவுட்டர் இயங்கத் தொடங்குவதற்கு முன் பிரிண்டர் விழித்துக்கொண்டால், கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் அது தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். பிரிண்டரின் அமைப்புத் தாளை (அதன் தற்போதைய அமைப்புகளைக் காட்டும் பக்கத்தை) பிரிண்டரிலிருந்தே அச்சிட்டுப் பாருங்கள்; முகவரி 169.254 என்று தொடங்கினால் நடந்தது இதுதான்.

அச்சு வராமல் போவதை விடக் கவலைக்குரிய நிலை ஒன்றும் உண்டு. ஒரு பாடசாலையில் ஒரே மாதிரியான இரண்டு பிரிண்டர்கள் மின்தடைக்குப் பின் முகவரிகளை மாற்றிக்கொண்டதால், அதிபர் அறையில் வரவேண்டிய தவணைப் பரீட்சை வினாத்தாள், மாணவர்கள் வந்துபோகும் நூலகத்தில் அச்சாகியது. கணினி எந்தப் பிழைச் செய்தியையும் காட்டவில்லை, ஏனெனில் அதன் கணக்கில் அச்சு ஒழுங்காகவே முடிந்திருந்தது. தொழிலாளரின் சம்பள விபரம் அச்சிடும் காரியாலயங்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே பிரிண்டருக்கும், மற்றக் கணினிகளின் அச்சு வேலைகளைப் பெற்றுப் பிரிண்டர்களுக்கு அனுப்பும் கணினியான பிரிண்ட் சேர்வருக்கும் மாறாத முகவரி வேண்டும். கருவியிலேயே முகவரியை எழுதிவிடுவது ஒரு வழி. ரவுட்டரில் அக்கருவியின் மேக் முகவரியை (தயாரிப்பாளர் கொடுத்த வன்பொருள் அடையாள எண்ணை) பதிந்து, ஒரே முகவரியை அதற்கென ஒதுக்கிவைப்பது மற்றைய வழி. ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் எல்லா ஒதுக்கீடுகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் ஒரே பிரிண்டரில் கேபிளுக்கு ஒரு மேக் முகவரியும் வைஃபைக்கு வேறொன்றும் இருக்கும் என்பதால், கேபிளுக்குச் செய்த ஒதுக்கீடு வைஃபைக்கு மாறியதும் பயன்படாது. கருவியிலேயே எழுதுவதாயின், ரவுட்டர் தானாகப் பகிரும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைத் தெரிவுசெய்யுங்கள். முகவரியின் கடைசி எண்ணில் 100 முதல் 199 வரை ரவுட்டர் பகிர்ந்தால், சேர்வருக்கு 10, பிரிண்டர்களுக்கு 20 முதல் 49 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள் ஒன்றை எழுதிவிட்டால், அதே முகவரி இன்னொரு கருவிக்கும் போய் இரண்டும் மோதிக்கொள்ளும்.

கேபிள் இணைப்பு இல்லாத தோட்டங்களில் 4ஜி ரவுட்டர்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். பழையது 192.168.1 என்ற வலையமைப்பிலும் புதியது 192.168.8 என்பதிலும் இயங்கினால், கையால் எழுதிய முகவரிகள் அனைத்தும் ஒரே நாளில் செயலிழக்கும். புதிய ரவுட்டரைப் பழைய எண்களுக்கு அமைத்துவிட்ட பிறகே இணைப்பைக் கொடுக்க வேண்டும்.

சேர்வருக்குப் பெயர் வைப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. ஊழியர்களின் கணினிகள் சேர்வரைப் பெயரால் அழைக்கட்டும்; சேர்வர் மட்டும் பிரிண்டர்களை முகவரியால் அழைக்கட்டும். அப்போது பிரிண்டரின் முகவரி என்றாவது மாறினாலும் சேர்வரில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். சேர்வரில் பிரிண்டரைச் சேர்க்கும்போது இணைப்பு வழியாக (போர்ட்) விண்டோஸ் தானாகத் தெரிவுசெய்யும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டு, நாம் கொடுக்கும் முகவரிக்கே அனுப்பும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் அதற்கு 9100 என்ற போர்ட் எண்ணில் பதிலளிக்கும்.

சேர்வரின் பெயரில் ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு ஆகியவை மட்டும் இருக்கட்டும். இடைவெளியும் அடிக்கோடும் வேண்டாம். விண்டோஸ் வலையமைப்பில் 15 எழுத்துகளுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பெரிய கிளாக்கரின் பெயரையோ கணினியின் மொடலையோ சூட்டாதீர்கள். அவர் இடமாற்றம் பெறுவார், கணினியும் மாறும். இடத்தையும் வேலையையும் குறிக்கும் பெயரே நிலைக்கும். பின்னர் பெயரை மாற்றினால் ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்க நேரிடும் என்பதால், முதல் நாளே யோசித்து வையுங்கள்.

பெயர், முகவரி, மேக் முகவரி, வைத்திருக்கும் அறை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, முகவரியை மட்டும் பிரிண்டரின் மேல் ஒட்டிவையுங்கள். பிறகு மெயின் சுவிட்சை நிறுத்தி, முதலில் பிரிண்டரையும் சில நிமிடம் கழித்து ரவுட்டரையும் போட்டு, வேறோர் அறையிலுள்ள கணினியிலிருந்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைச் சம்பள நாள் நெருங்குவதற்கு முன்பே செய்து முடியுங்கள்.