கண்ணோடு கண் நோக்கிய கணினிகள்

1998-இல் வந்த பாம் த்ரீ என்ற கையடக்கக் கணினியின் மேல்விளிம்பில், டிவி ரிமோட்டின் முனையில் இருப்பது போல, ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல் இருக்கும். இரண்டு கருவிகளை எதிரெதிரே பிடித்தால் முகவரி அட்டை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். கம்பி வேண்டாம். சற்றுப் பெரிதாக எதையாவது அனுப்பினால்தான் சிக்கல்.

போனது அகச்சிவப்பு ஒளி. வேகம் நொடிக்கு 1,15,200 பிட். கணினியில் கம்பி செருகும் வழக்கமான சீரியல் போர்ட்டின் உச்ச வேகமும் அதுவே. கம்பியில் ஓடியதை அப்படியே ஒளியாக மாற்றியிருந்தார்கள். பூஜ்யம் என்றால் ஒரு மினுக்கல், ஒன்று என்றால் இருட்டு. அந்த மினுக்கலும் ஒரு பிட்டுக்கான நேரத்தில் பதினாறில் மூன்று பங்குதான் எரியும், பேட்டரி தாங்க வேண்டுமே! 8 பிட் கொண்ட ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் தலா ஒரு பிட் கூடுதல். ஆக, நொடிக்கு அதிகபட்சம் 11,520 பைட். ஒரு மெகாபைட் போய்ச் சேர ஒன்றரை நிமிடம். பாம் த்ரீயின் மொத்த நினைவகமே 2 மெகாபைட் என்பதால் அந்த ஆசை பலருக்கு வந்திருக்காது.

அந்த வேகமும் முழுதாகக் கிடைக்காது. அனுப்பும்போது தன் ஒளியே தன் உணரியைக் கூசவைக்கும். அதனால் ஒருவர் பேசி முடித்து, கண் தெளிந்த பிறகே மற்றவர் பேச முடியும். தூரம் ஒரு மீட்டருக்குள், சாய்வு 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நல்ல வெயிலில் அதுவும் தடுமாறும்.

என்னைக் கேட்டால், பெரிய முட்டுக்கட்டை ஒளியில் இல்லை. அந்தக் கருவியின் இயங்குதளமான பாம் ஓஎஸ்ஸின் நினைவகத்தில் நாம் அறிந்த கோப்பே கிடையாது. எல்லாம் தரவுத்தளப் பதிவுகள், ஒரு பதிவு 64 கிலோபைட்டைத் தாண்டாது. வந்த பொருளை 'அப்புறம் பார்க்கலாம்' என்று போட்டுவைக்க ஒரு ஃபோல்டர்கூட இல்லை. 'இது என்னுடையது' என்று ஏதாவது ஒரு செயலி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்துக் கோப்பு என்றால் மெமோ பேட் என்ற குறிப்புச் செயலி வாங்கிக்கொள்ளும், ஆனால் அதில் ஒரு குறிப்புக்கு 4 கிலோபைட்தான் இடம். உரிமை கோர யாருமில்லாத கோப்பு வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பிறகு ப்ளூடூத் வந்தது. நேருக்கு நேர் பிடித்து நிற்கும் வேலை ஒழிந்தது. வாங்கிக்கொள்ளச் செயலி இல்லாத கோப்புக்கு மட்டும் பாம் ஓஎஸ் பழைய பதிலையே சொன்னது.