சுழலாத மூட்டு: கார் சஸ்பென்ஷன் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றும்போது

மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. டயரின் உள்விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்கிறது. இப்படியெல்லாம் இருந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம், அது சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் மூட்டுதான் புஷ். கைப்பிடிக்குள் அடங்கும் பொருள்தான். ஆனால் அது வேலை செய்யும் விதம் தெரியாமல் மாற்றினால், புதிய புஷ்ஷும் சில மாதங்களில் கிழிந்து போகும்.

மூட்டு என்றால் கதவுக் கீல் போல ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் சுழலும் என்றுதான் நினைப்போம். ரப்பர் புஷ்ஷில் எதுவுமே வழுக்குவதில்லை. உள்ளே ஒரு சிறிய இரும்புக் குழாய், வெளியே ஒரு பெரிய குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு குழாய்களோடும் சூட்டில் வேதிமுறையில் ஒட்டப்பட்டது. வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் இறுகிக் கிடக்கிறது. உள்குழாயை, நடுவே செல்லும் போல்ட் வண்டியின் சட்டத்தோடு சேர்த்து நெரித்துப் பிடிக்கிறது. ஆக, இரு முனையும் பூட்டப்பட்டுவிட்டன. சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் அசைய வேண்டுமென்றால் நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டாக வேண்டும். சக்கரம் பழைய நிலைக்கு வந்ததும் முறுக்கு அவிழ்கிறது. உரசல் இல்லாததால் கிரீஸும் வேண்டாம், தூசி புகுந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம்.

ரப்பரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் அழகே இருக்கிறது. ரப்பரின் வடிவத்தை மாற்றுவது எளிது. அதை நசுக்கிப் பருமனை, அதாவது கன அளவை, குறைப்பது அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கடினம். முறுக்கும்போது பருமன் மாறுவதில்லை, அதனால் ரப்பர் இணங்கிப் போகிறது. பக்கவாட்டில் அழுத்தினாலோ, இரண்டு குழாய்களுக்கு நடுவே சிக்கிய மெல்லிய ரப்பருக்குப் பிதுங்க இடமில்லை, அதனால் விறைத்து நிற்கிறது. ஒரே துண்டு ரப்பர், ஒரு திசையில் மூட்டாகவும் இன்னொரு திசையில் கெட்டியான தாங்கியாகவும் வேலை செய்கிறது. சில புஷ்களில் ரப்பருக்குள் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தத் திசையில் மட்டும் அது மிருதுவாக இருக்கும். குழியில் சக்கரம் மோதும்போது ஆர்ம் சற்றே பின்வாங்க இடம் கிடைக்கும். இந்த வகையைப் பொருத்தும்போது இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். பழையதைக் கழற்றும் முன் ஆர்மில் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் இந்தக் குறை போய்விடுவதைக் கண்டார். கந்தகம் ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. ஆனாலும் அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய மிஞ்சுகின்றன. காற்றிலுள்ள ஓசோன் அங்கேதான் வெட்டுகிறது, அதுவும் இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் விரிசல் விழும். எண்ணெய்க் கசிவு பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். மேல்பரப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பதற வேண்டாம். லீவரை வைத்து நெம்பும்போது ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்தாலோ கிழிசல் வாய் திறந்தாலோதான் மாற்ற வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கெட்டியான தரையில் ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சுருள்வில் நேராக லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால், வில்லை அடக்கும் கருவியும் பழக்கமும் இல்லாமல் ஆர்மைக் கழற்றாதீர்கள். அதில் தேங்கிய ஆற்றல் ஆளைக் கொன்றுவிடும். வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் மேக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் வில் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும், இந்த ஆபத்து இல்லை.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆர்மின் துளை கோணிப் போகலாம். நீண்ட மரை போல்ட், வாஷர்கள், ஒரு பக்கம் புஷ் நுழையும் அளவுக்கு அகலமான குழாய்த் துண்டு, இவை போதும். நட்டை இறுக்க இறுக்க புஷ் நகரும். எரித்து எடுப்பதும் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. புதியதை ஏற்றும்போது விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். உள்குழாயை அழுத்தினால் ஒட்டு அப்போதே பிய்ந்துவிடும். புஷ்ஷை ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்களே, அதனால் பயன் உண்டா? 40 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய் 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.024 மி.மீ. சுருங்கும். தானாக விழுந்து உட்காராது, கைக்குக் கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான்.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. வண்டி தூக்கியிருக்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்க, போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். ஆர்ம் 350 மி.மீ. நீளம், அதன் வெளிமுனை வழக்கமான உயரத்தைவிட 80 மி.மீ. கீழே தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கோணம் ஏறக்குறைய 13 டிகிரி. அந்த நிலையில் உள்குழாயைப் பூட்டினால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் 13 டிகிரி முறுக்கோடு நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. ஒவ்வொரு மேட்டிலும் அந்த 13-க்கு மேல்தான் கூடுதல் முறுக்கு ஏறும். ஓசோனுக்கும் இழுபட்ட ரப்பர் கிடைத்துவிடும்.

அதனால் வண்டியைத் தூக்கும் முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியை ராம்ப்பில் (சக்கரங்கள் ஏறி நிற்கும் சாய்மேடையில்) இறக்கி, அதே அளவு வந்தபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்து உயர்த்தியும் அந்த அளவைக் கொண்டுவரலாம் என்பார்கள். ஆனால் அந்த உயரத்தில் வண்டியின் அந்த மூலை எடை முழுவதும் வில்லின் மேல் வந்துவிடும், ஸ்டாண்டில் பாரமே இருக்காது. ராம்ப் எனக்கு நிம்மதி. ஒருமுறைக்கு மட்டுமே பயன்படும் போல்ட் என்று கையேடு சொன்னால் புதியதுதான் போட வேண்டும். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ் என்றால் கணக்கே வேறு. அதில் பெரும்பாலும் உள்குழாய் ஒட்டப்படாமல் உள்ளே சுழலும். அதனால் சிலிக்கோன் கிரீஸ் கட்டாயம், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், சாலையின் அதிர்வும் அதிகமாக உள்ளே வரும். ஆனால் முறுக்கிக்கொள்ள அங்கே ஒட்டிய ரப்பர் இல்லாததால், சக்கரம் எந்த உயரத்தில் இருக்கும்போது இறுக்கினாலும் அதற்கு ஒன்றுதான்.