வீட்டில் வெள்ளம் புகுந்தால் 1,000 ரிங்கிட்: வாங் இசான் உதவியைப் பெறுவது எப்படி?

பினாங்குத் தீவில் சாயங்கால இடிமழை கொஞ்ச நேரம் விடாமல் கொட்டினாலே ஜாலான் பி. ரம்லி பக்கம் தண்ணீர் ஏறிவிடும். அந்த நேரம் பார்த்துக் கடலும் பெருக்கெடுத்தால், சுங்கை பினாங்கு ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் கால்வாய் வழியே வீடுகளுக்குள் வந்துவிடும். 2017 நவம்பரில் வந்த பெருவெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படிப் பாதிக்கப்படும் குடும்பங்களுக்குக் கூட்டரசு தரும் உதவித்தொகைதான் பந்துவான் வாங் இசான். குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனத்தின் வழியாகக் குடும்பத் தலைவருக்கு வந்து சேரும். சொந்த வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு இருந்தாலும் நனைந்தது உங்கள் மெத்தையும் உங்கள் பிள்ளைகளின் புத்தகமும்தானே. அதனால் வீட்டு உரிமையாளர் கேட்கட்டும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

பெயர் பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். துயர் துடைப்பு மையத்துக்குப் போனால் சிக்கலே இல்லை, சமூக நலத்துறையினர் அங்கேயே குடும்ப விவரத்தை எழுதிக்கொள்வார்கள். ஆனால் திடீர் வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. பலர் மாடியிலோ அக்கா வீட்டிலோ இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மையத்துக்குப் போகாதவர்கள் உடனே கிராம நிர்வாக மன்றத் தலைவரையோ மாவட்ட அலுவலகத்தையோ பார்த்து, வீட்டில் தண்ணீர் புகுந்ததை உறுதிப்படுத்தச் சொல்லிப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய் நின்றால், காய்ந்த தரையைக் காட்டி என்னவென்று சொல்வது?

நம் வீடுகளில் தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை சாமி மேடையைக் கழுவுவதுதான். அப்புறம் துடைப்பமும் வாளியுமாகச் சேற்றைத் தள்ளிவிடுவோம். சரி, கழுவுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கைபேசியை எடுங்கள். சுவரில் சேறு படிந்த கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து ஒரு படம், வாசலும் வீட்டு எண்ணும் தெரிய ஒரு படம், நனைந்த குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கூடவே குடும்பத் தலைவரின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரியைக் காட்டும் மின் கட்டண ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இந்த மூன்றையும் மழைக்காலம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைப்பது நல்லது. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆயிரம் ரிங்கிட் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கே போதாது என்பது உண்மைதான். அதனால் காப்புறுதியையும் பாருங்கள். காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் பெரும்பாலும் வெள்ளச் சேதம் அதில் சேராது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற பகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கட்டணம் வழக்கமாகக் காப்புறுதித் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு, அதாவது 50,000 ரிங்கிட் காருக்கு 100 முதல் 250 ரிங்கிட். வீட்டுக் கடனோடு வரும் தீக் காப்புறுதியும் இப்படித்தான், வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. சாலை வரி புதுப்பிக்கும்போது முகவரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். தண்ணீரில் நின்ற காரை மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். படம் எடுத்துவிட்டு, காப்புறுதி நிறுவனத்தைக் கூப்பிட்டு இழுவை வண்டி கேளுங்கள்.